கப்பல் ஆடினாலும் முள் ஆடக்கூடாது!
கெல்வின் பிரபுவின் வாழ்க்கை

தூத்துக்குடி மாவட்டத்தில், ஒட்டப்பிடாரத்துக்கு அருகே உள்ள கரிசல் காட்டு ஊர் புதியம்புத்தூர். ஆயத்த ஆடைத் தொழிலால் பெயர் பெற்றுவிட்ட அந்த ஊரில், தெருவுக்குத் தெரு தையல் யந்திரங்களின் சத்தம் கேட்கும். அப்படி யந்திரம் ஓடும் ஒரு மேஜையின் மேல் குண்டூசி டப்பா ஒன்றை வைத்துப் பாருங்கள். யந்திரம் மெதுவாக ஓடும்போது டப்பா சும்மா இருக்கும். வேகம் கூடக் கூட, ஏதோ ஒரு கட்டத்தில் டப்பா கிணுகிணுவென்று நடுங்க ஆரம்பிக்கும். இன்னும் வேகம் கூடினால், ஆச்சரியம்! நடுக்கம் அடங்கிவிடும்.

காரணம் இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஓர் ஆட்டத் தாளம் உண்டு. ஊஞ்சலுக்கு ஒரு தாளம், தொட்டிலுக்கு ஒரு தாளம். வெளியிலிருந்து வரும் ஆட்டம் அதே தாளத்தில் வந்தால் பொருள் துள்ளும். தாளம் ஒத்துப் போகாவிட்டால் பேசாமல் இருக்கும்.

தையல் மேஜையில் இது வேடிக்கை. கடலில் இது உயிர்ப் பிரச்சினை. கப்பல் உருளுகிறது, யந்திரம் அதிர்கிறது, போர்க் கப்பலானால் பீரங்கியும் வெடிக்கிறது. இத்தனைக்கும் நடுவே திசை காட்டும் காம்பஸின் தட்டு நிலையாக நிற்க வேண்டும். அது தடுமாறினால் கப்பல் பாறைக்குப் போகும்.

புதியம்புத்தூருக்குப் பக்கத்து ஊரான ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது 1906-ஆம் ஆண்டில். யாருடைய ஆதிக்கத்தை எதிர்த்து அவர் கப்பல் விட்டாரோ, அந்த வெள்ளையரின் கடற்படை கிட்டத்தட்ட அதே சமயத்தில் தன் வீட்டுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டிருந்தது. பதினேழு ஆண்டுகளாகத் தன் கப்பல்களில் கொலு வீற்றிருந்த புகழ்பெற்ற காம்பஸை இறக்கி வைத்துவிட்டு, வேறொன்றை ஏற்ற அது தீர்மானித்தது. இறக்கி வைக்கப்பட்ட காம்பஸைச் செய்தவருக்கு அப்போது வயது 82. உலகமே வணங்கிய விஞ்ஞானி அவர். விஞ்ஞானத்தில் வெப்பநிலையை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர்தான் கெல்வின் பிரபு.

பத்து வயது மாணவன்

பிறந்தபோது வில்லியம் தாம்சன் என்று பெயர். அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில், 1824-ஆம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தாம்சன் கணக்கு ஆசிரியர். ஆறு வயதில் தாயை இழந்தார் வில்லியம். பிள்ளைகளுக்குத் தந்தையே தாயுமானார். பாடமும் அவரே சொல்லிக் கொடுத்தார். 1832-ல் தந்தைக்கு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைக்கவே, குடும்பம் அங்கே குடி பெயர்ந்தது. பத்து வயதில் வில்லியம் அந்தப் பல்கலைக் கழகத்தின் மாணவர் பதிவேட்டில் ஏறிவிட்டார்!

பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே கணக்கோடு படகும் வலித்தார். தனிப் படகுப் போட்டியில் பரிசும் பெற்றார். தண்ணீர்மேல் அவருக்கு இருந்த மோகம் கடைசி வரை விடவில்லை. 1845-ல் கணக்குத் தேர்வில் இரண்டாவதாகத் தேறினார். மறு ஆண்டே, 22-வது வயதில், கிளாஸ்கோவில் பௌதிகப் பேராசிரியரானார். 53 ஆண்டுகள் அதே நாற்காலி. பெரிய இடங்கள் அழைத்தும் அவர் அசையவில்லை.

அந்த நாளில் மாணவர்கள் கையால் சோதனை செய்து பௌதிகம் படிப்பதற்குப் பிரிட்டனில் இடமே கிடையாது. பல்கலைக் கழகத்தில் பாழாய்க் கிடந்த ஒரு திராட்சை மது நிலவறையைக் கேட்டு வாங்கி, அதைச் சோதனைச் சாலையாக்கினார் தாம்சன். மேதைகள் பலருக்குக் கையில் வேலை வராது. இவருக்கு மூளையும் கையும் ஒன்றாக ஓடின.

அட்லாண்டிக்கில் ஒரு புயல்

ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் தந்திக் கம்பியால் இணைக்க வேண்டும் என்று 1850-களில் ஒரு பெரும் முயற்சி நடந்தது. கடலடியில் இரண்டாயிரம் மைல் கம்பி. அந்தக் கம்பெனியின் இயக்குநர்களில் தாம்சனும் ஒருவர். 1857-ல் கம்பியை இறக்கிக்கொண்டே போனபோது, முந்நூறு மைலுக்கு மேல் போன பிறகு அது அறுந்து கடலுக்குள் போய்விட்டது.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம் மறுபடி புறப்பட்டார்கள். தாம்சன் ஏறியிருந்த கப்பலின் பெயர் அகமெம்னான். கம்பிச் சுருளின் பாரமே ஆயிரம் டன்னுக்கு மேல். அதில் இருநூறு டன்னுக்கு மேற்பட்ட ஒரு சுருள் மேல்தளத்திலேயே இருந்தது. அந்த நிலையில் புயல் பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் கப்பல் புரண்டது. கட்டி வைத்திருந்த நிலக்கரி கட்டவிழ்ந்து உருண்டு ஆட்களை நசுக்கியது. உள்ளே இருந்த கம்பிச் சுருள் சிக்கலாயிற்று. கப்பல் கவிழாமல் தப்பியதே பெரிது.

கரையில் மேஜைமேல் செய்யும் கருவி ஒன்று. கடலில் பிழைக்கும் கருவி வேறு. இதைப் புத்தகத்தில் படித்தல்ல, அகமெம்னானின் தளத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று தெரிந்துகொண்டார் தாம்சன்.

1858 ஆகஸ்டில் கம்பி கரை சேர்ந்தது. ஆனால் இரண்டாயிரம் மைல் தாண்டி வரும் மின்சாரம் மிகவும் சோனியாக இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத் தாம்சன் செய்த கருவி, எளிமையிலும் எளிமை. சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டு. அதன் முதுகில் ஒட்டிய காந்தத் துணுக்குகள். இரண்டும் சேர்ந்து ஒரு குன்றிமணி எடைகூட இராது. பட்டு இழையில் தொங்கும் அந்தக் கண்ணாடியில் விளக்கொளி பட்டுச் சுவரில் விழும். துளி மின்சாரம் வந்தாலும் சுவரில் ஒளி நகரும்.

ஆனால் கப்பல் ஆடினால் ஒளியும் ஆடுமே? கப்பலுக்கென்றே தனியாக ஒன்று செய்தார். இழையை மேலும் கீழும் இழுத்துக் கட்டி, கண்ணாடியின் எடை மையம் சரியாக இழையின்மேல் அமையும்படி வைத்தார். கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் கண்ணாடியைப் புரட்ட அதற்குப் பிடி கிடைக்காது. சுற்றிலும் கனத்த இரும்புக் கூடு, கப்பலின் காந்தம் தொடாமல் இருக்க.

கம்பெனியின் மின்சார நிபுணரான வைட்ஹவுஸ் என்பவருக்கு இந்தப் பூஞ்சைக் கருவியில் நம்பிக்கை இல்லை. சுமார் 2,000 வோல்ட் அழுத்தத்தைக் கம்பியில் ஏற்றிப் பார்த்தார். ஏற்கெனவே பழுதாக இருந்த கம்பி ஒரு மாதத்துக்குள் ஊமையாகிவிட்டது. கடைசியில் 1866-ல், கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சதக் கப்பல் நிரந்தரமான கம்பியைப் போட்டு முடித்தது. தாம்சன் ‘சர்’ பட்டம் பெற்றார். அதே கப்பல் 1870-ல் பம்பாயிலிருந்து ஏடனுக்கும் கம்பி போட்டது. இந்தியா கடல் வழியே லண்டனுடன் பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

கட்டுரை கேட்டார், காம்பஸ் வந்தது

1870 அவருக்குச் சோதனையான ஆண்டு. நெடுநாள் நோயாளியாக இருந்த மனைவி மார்கரெட் காலமானார். அந்த ஆண்டில்தான் ‘லாலா ரூக்’ என்ற 126 டன் பாய்க் கப்பலைத் தாம்சன் வாங்கினார். பனிக்கட்டியில் விளையாடும்போது விழுந்து கால் முறிந்து, ஏற்கெனவே சற்று நொண்டி நடப்பவர். தரையில் நொண்டினாலும் தளத்தில் அவர் மன்னர்தான். கோடை விடுமுறை முழுதும் கடலில் கழியும். கையில் எப்போதும் ஒரு பச்சை அட்டை நோட்டு. கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்.

மறு ஆண்டு ‘குட் வேர்ட்ஸ்’ என்ற பத்திரிகையின் ஆசிரியரான நார்மன் மக்ளியாட் என்ற பாதிரியார், மாலுமிகளின் காம்பஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டார். எழுத உட்கார்ந்த தாம்சன், காம்பஸை முதன் முறையாக உற்றுப் பார்த்தார். குறை மேல் குறையாகத் தெரிந்தது. கட்டுரையின் முதல் பகுதி வெளிவந்தது 1874-ல், அடுத்தது 1879-ல்! அதற்குள் கேட்ட ஆசிரியர் காலமாகிவிட்டார். கட்டுரை தாமதமாகும் வழக்கம் பத்திரிகை உலகத்துக்குப் புதிதல்ல. ஆனால் தாமதத்துக்கு ஈடாக உலகத்துக்கே ஒரு கருவி கிடைத்தது இந்த ஒரு முறையாகத்தான் இருக்கும்.

பழைய காம்பஸின் குறை என்ன? கப்பல் ஆடும்போது தட்டும் சேர்ந்து ஆடியது. அதை நிறுத்த, செய்பவர்கள் தட்டைக் கனமாக்கினார்கள். நீண்ட பெரிய காந்த ஊசிகளைப் பொருத்தினார்கள். கனமாக இருந்தால் அசையாது என்பது யாருக்கும் தோன்றும் யோசனைதானே? ஆனால் கனம் கூடினால் நடு முனையில் உராய்வும் கூடும். கப்பல் திரும்பிய பிறகும் தட்டு பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு பொய் திசை காட்டும். அதோடு, ஊசியின் சக்தி பெரிதாக ஆக, ஆட்டத் தாளம் விரைவாகி, கப்பலின் உருளலுக்கு நெருங்கி வந்துவிடும்.

தாம்சன் நேர் எதிராகப் போனார். பத்து அங்குல வட்டத் தட்டு. ஓரத்தில் மெல்லிய அலுமினிய வளையம். நடுவிலிருந்து வளையத்துக்கு 32 பட்டு நூல்கள், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல. நடுவே தட்டைப் போட்டு மூடாமல், குட்டையான எட்டு ஊசிகளைப் பட்டு நூலிலேயே ஏணிப்படி போலக் கட்டித் தொங்கவிட்டார். மொத்த எடை சுமார் 11 கிராம்! அதே அகலமுள்ள பழைய தட்டின் எடையில் பதினேழில் ஒரு பங்கு.

இருக்கும் எடையையும் ஓரத்துக்குத் தள்ளி, ஊசிகளின் பலத்தையும் குறைத்ததால், தட்டின் தாளம் நீண்டுவிட்டது. கப்பல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் உருண்டு திரும்ப எடுக்கும் நேரத்தைவிடத் தட்டு ஒரு முறை ஆடி முடிக்க அதிக நேரம் பிடித்தது. உருளலுக்குப் பதில் சொல்லத் தட்டு ஆரம்பிக்கும் முன்பே கப்பல் மறு பக்கம் சாய்ந்துவிடும். கடைசியில் தட்டு எங்கும் போவதில்லை. கப்பல்கள் உருளும் கணக்கை வகுத்த வில்லியம் பிரௌடின் ஆராய்ச்சியைத் தாம்சன் நன்கு அறிந்தவர். அந்தக் கணக்கைத்தான் அவர் காம்பஸுக்குள் கொண்டுவந்தார்.

தட்டு இருக்கும் கிண்ணத்தையும் விடவில்லை. கிண்ணம் தானே ஊசலாடாதிருக்க, அதன் அடியில் ஓர் அறை வைத்து அதில் விளக்கெண்ணெயை ஊற்றினார். பிசுக்கான எண்ணெய் ஆட்டத்தைக் குடித்துவிடும்.

‘பயன்படாது’ என்றவர்கள்

இரும்புக் கப்பல் தன் சொந்தக் காந்தத்தால் காம்பஸைக் கெடுக்கும். இதற்கு 1838-லேயே மருந்து கண்டுபிடித்தவர் அரசாங்க வான நூல் அறிஞர் ஏரி. பக்கத்தில் காந்தங்களையும் இரும்பையும் வைத்துத் திருத்தலாம் என்றார். ஆனால் பழைய நீள ஊசிகளுக்கு அந்த மருந்து முழுதாகப் பலிக்கவில்லை. தாம்சனின் குட்டை ஊசிகளுக்குப் பலித்தது. காம்பஸ் பீடத்தின் இரு பக்கமும் இரண்டு இரும்புக் குண்டுகள் இருப்பதைக் கப்பல் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்பாடுதான் அது.

ஏரியின் மருந்துக்கு உயிர் கொடுத்த கருவி அது. ஆனால் ஏரியிடம் காட்டியபோது இது பயன்படாது என்று சொல்லிவிட்டார்! கடற்படை அலுவலகமும் அசையவில்லை. 1876-ல் காப்புரிமை பெற்ற கருவியை வாணிபக் கப்பல்காரர்கள் வாங்கத் தொடங்கினார்கள். கடற்படையோ 1889 வரை இழுத்தடித்தது. பதின்மூன்று ஆண்டுகள். இடையில் அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர், பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையையே மாற்றியமைத்த ஜான் பிஷர்.

1892-ல் தாம்சன் பிரபுவானார். கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தின் அருகே ஓடும் சிற்றாறின் பெயரைத் தன் பட்டத்துக்கு வைத்துக்கொண்டார். அந்த ஆற்றின் பெயர் கெல்வின்.

பீரங்கி வெடித்தது

பிஷர் தலைவராக இருந்த ‘இன்பிளெக்சிபிள்’ என்ற போர்க் கப்பல், 1882 ஜூலை 11-ந் தேதி எகிப்தில் அலெக்சாண்டிரியா கோட்டைகளைச் சுட்டது. பீரங்கி ஒவ்வொன்றும் சுமார் 80 டன். எதிரியின் குண்டு ஒரு புறமிருக்க, சொந்தப் பீரங்கிகளின் அதிர்ச்சியிலேயே அந்தக் கப்பலின் படகுகளும் மேற்கட்டுமானமும் சேதமடைந்தன.

புதிய எதிரி இதுதான். கரிசல் பாதையில் மாட்டு வண்டி போவதைக் கவனித்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். மேடு பள்ளத்தில் வண்டி மெல்ல ஏறி இறங்கினால் குடத்துத் தண்ணீர் அலம்பும். திடீரென்று சக்கரம் கல்லில் மோதினால் குடமே துள்ளும். கெல்வினின் தட்டு முதல் வகைக்காகச் செய்யப்பட்டது. நிதானமாக உருளும் கடலில் அதற்கு இணை இல்லை. ஆனால் பீரங்கியின் அடி கண் இமைக்கும் நேரத்துக்குள் வந்து போகிறது. அது தட்டைப் பக்கவாட்டில் ஆட்டுவதில்லை. முனையின் மேலிருந்து உதைத்துத் தூக்குகிறது. 11 கிராம் எடையுள்ள பட்டு நூல் தட்டு என்ன செய்யும்? துள்ளும், சுழலும். விரைவு யந்திரங்கள் வந்தபோது ஓயாத நடுக்கமும் சேர்ந்துகொண்டது.

காம்பஸ் துறையின் மேலதிகாரியாக இருந்த கேப்டன் செட்விண்ட் இதற்கு வழி கண்டார். தட்டையே சாராயமும் நீரும் கலந்த திரவத்தில் மிதக்கவிடுவது. மிதப்பதால் முனையின்மேல் பாரம் குறையும். திடீர் உதையைத் திரவம் தாங்கிக்கொள்ளும். இந்த யோசனை புதிதல்ல. திரவக் காம்பஸ் முன்பே உண்டு. கப்பல் திரும்பும்போது கிண்ணத்தோடு திரவமும் சுழன்று தட்டை இழுத்துப் போய்விடும் என்பதுதான் அதன் குறை. செட்விண்ட் தட்டைச் சிறிதாக்கி, சுவருக்கும் தட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டார். இழுப்பு நின்றது. 1906-ல் அது வந்தது.

இதில் ஒரு விசித்திரம். வகுப்பறையில் கெல்வின் செய்து காட்டும் பிரபலமான சோதனை ஒன்று உண்டு. வேகவைத்த முட்டை ஒன்றையும் பச்சை முட்டை ஒன்றையும் கம்பியில் தொங்கவிட்டு முறுக்கி விடுவார். வெந்த முட்டை வெகு நேரம் ஆடும். பச்சை முட்டை சீக்கிரமே அடங்கிவிடும். உள்ளே இருக்கும் திரவம் ஆட்டத்தைத் தின்றுவிடுகிறது. பூமியின் உட்புறம் திரவமல்ல என்று காட்டுவதற்காக அவர் செய்த சோதனை இது. கிண்ணத்தின் அடியிலும் விளக்கெண்ணெயை ஊற்றியவர் அவரேதான். ஆயினும் திரவத்தைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தாரே தவிர, தட்டைத் திரவத்துக்குள் வைக்கவில்லை. தான் கண்ட வழியில் அவருக்கு இருந்த பிடிப்பு அப்படி. பூமியின் வயதைக் கோடிக் கணக்கில் குறைத்துச் சொல்லிக் கடைசி வரை விட்டுக் கொடுக்காத மனிதர் அல்லவா?

1899-ல் பேராசிரியர் பதவியை விட்டார். உடனே அதே பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகத் தன் பெயரைப் பதிந்துகொண்டார்! 1907 டிசம்பர் 17-ந் தேதி காலமானார். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனுக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். போர்க் கப்பல்கள் கைவிட்ட பிறகும், பீரங்கி இல்லாத வாணிபக் கப்பல்களில் அவருடைய காம்பஸ் பல ஆண்டுகள் நீடித்தது.

இன்னொரு பெல்பாஸ்ட்

அவர் பிறந்த ஊரிலேயே, அவ்வூரின் பெயரால், 1938-ல் ஒரு போர்க் கப்பல் கடலில் இறக்கப்பட்டது. 1939 நவம்பர் 21-ந் தேதி ஸ்காட்லாந்துக் கரையோரம் அது போய்க்கொண்டிருந்தபோது, ஜெர்மனியர் வைத்த காந்தக் கண்ணிவெடி அடியில் வெடித்தது. கப்பல் மூழ்கவில்லை. வெளித் தகட்டில் ஏற்பட்ட சேதம் பெரிதுமல்ல. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். அடியிலிருந்து வந்த ஒரே உதையில் கப்பலின் முதுகெலும்பு வளைந்து, யந்திரங்கள் நிலைகுலைந்து கிடந்தன. மிதக்கிறது, போரிட முடியாது. மறுபடி கடலுக்குப் போக 1942 நவம்பர் ஆயிற்று.

காம்பஸ் ஒன்றுக்கு மட்டும் என்று கெல்வின் காலத்தில் எழுந்த கேள்வி, அந்தப் போரில் கப்பலின் பம்பு, விளக்கு, ரேடியோ, மின்சாரப் பலகை எல்லாவற்றுக்குமே எழுந்தது. பெல்ஜியத்தில் பிறந்த மாரிஸ் பயோ என்பவர், அமெரிக்காவில் 1932-ல், பூகம்பத்தில் கட்டடங்கள் எப்படி ஆடும் என்பதற்கு ஒரு கணக்கு வகுத்திருந்தார். ஓர் அடி விழும்போது, எந்தத் தாளமுள்ள பொருள் எவ்வளவு துள்ளும் என்று ஒரே படத்தில் வரைந்து காட்டும் வழி அது. கப்பல் சாதனங்களுக்கும் பின்னர் அந்த வழியே பயன்பட்டது.

கணக்கோடு நிற்கவில்லை. 1940-ஐ ஒட்டிச் சம்மட்டி யந்திரங்கள் வந்தன. கப்பலில் பொருத்த வேண்டிய கருவியை ஓர் இரும்புப் பலகையில் முடுக்கி, 400 ராத்தல் எடையுள்ள சம்மட்டியை ஓரடி, மூன்றடி, ஐந்தடி உயரங்களிலிருந்து விட்டு அடிப்பார்கள். மேலிருந்து ஓர் அடி, பின்னாலிருந்து ஓர் அடி, பக்கத்திலிருந்து ஓர் அடி. அதற்கும் அசராமல் ஓடும் கருவிக்குத்தான் கப்பலில் இடம்.